பாசி சுரண்டிய நாள்

உங்கள் மடியில் உறைக்குள் இருக்கும் அந்தப் பாசியை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டீர்கள் அம்மா. சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். வரிசை மாறினால் எதிராளி தப்பித்துக்கொள்வான். ஐம்பது வருட அனுபவம்.

முதல் அநியாயம் அறுபத்து நாலில். கவாத்து வெட்டி, கிளை கழித்து முடித்த தேயிலைச் செடியில் தண்டெல்லாம் பாசி பிடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மூங்கில் சிராயால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். ஆடி மழையில் நடக்கும் வேலை. என் அம்மா எட்டு மாதக் கர்ப்பத்தோடு அந்த வேலைக்குப் போனாள். தேயிலைக் காட்டிலேயே விழுந்தாள். எனக்கு ஒரு தங்கை இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அதற்கு அடுத்த வருடம். அம்மா இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். பத்து வயது. அரைக் கூலிக்கு, அரை ஆள் என்று பதிந்தார்கள். இதோ பாருங்கள், இந்தக் கையில் இரண்டு விரலுக்கு நகம் கிடையாது. ஈரத்தில் ஊறி, சிராய் குத்தி, சீழ் பிடித்துப் போனது. அதற்குப் பிறகு நகம் வரவே இல்லை.

மூன்றாவது, எழுபத்து மூன்றில். ஒரு மேஸ்திரி மஸ்டரில் வைத்து ஒரு பெண்ணைக் கன்னத்தில் அடித்தான். மஸ்டர் என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். இருநூறு பேர் பார்த்தோம். சாட்சி இல்லை என்று எஸ்டேட் மானேஜர் துரை எழுதி அனுப்பினார். இருநூறு பேருக்கு நடுவில் சாட்சி இல்லை.

நான்காவது, எழுபத்து ஒன்பதில். கக்கூஸ் இல்லாத லைன் வீட்டிலிருந்து ஒதுங்கப் போன பிள்ளையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. பெற்றோரின் கவனக்குறைவு என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாவது, தொண்ணூற்று ஒன்றில், என் சொந்தச் சங்கம் செய்தது. நான் மேலே வேலைநிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது கீழே டவுனில் தலைவர்கள் நிர்வாகத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு என்னை நீக்கினார்கள். அன்றிலிருந்து நான் தனி ஆள். எனக்கு நானே சங்கம், எனக்கு நானே அச்சகம்.

ஆறாவதுதான் பாசி. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த உறையை மூடி வையுங்கள், காய்ந்துவிடும். டீக்கு பஸ் நின்றபோது பாலத்துச் சுவரில் நீங்கள் அதைக் கத்தியால் பெயர்த்ததைப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் எடுத்தீர்கள். அந்த அளவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் பின் சீட்டிலிருந்து எழுந்து உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் தோழர் மாசிலாமணி. தூமலை எஸ்டேட். மேலே போய் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். சிலர் நல்லதாகச் சொல்வார்கள், சிலர் வேறு விதமாகச் சொல்வார்கள். தெரியாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. அதனால்தான் இப்படி மேடையில் பேசுவதுபோலப் பேசுகிறேன். என் பேத்தி கேலி செய்வாள். "தாத்தா தண்ணி கேட்டாக்கூட கோரிக்கை மாதிரியே இருக்கு"ம்பாள். அது அவள் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

பேர் படிக்கிற வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மற்றது புரியாது.

அந்த மேஸ்திரி விஷயத்தில் சாட்சி இல்லை என்றார்கள் அல்லவா? அடுத்த நாள் காலையில் நான் மஸ்டரில் ஏறி நின்றேன். ஒரு தாள். அதில் முதலில் குற்றம், கடைசியில் பேர். அன்றிலிருந்து எங்கள் வழக்கமே அதுதான். குற்றத்தை முதலில் படித்தால் யார், யார் என்று கூட்டம் காது கொடுக்கும். பேரை வெறும் பேராகப் படிக்க வேண்டும். பட்டம் கிடையாது, துரை கிடையாது, ஐயா கிடையாது. இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். இரண்டு சாட்சி எழுந்து நிற்க வேண்டும். எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிப் படிக்கக் கூடாது. யார் எழுதினாலும் படிப்பது நான்.

ஏழு நாள் படித்தேன். எட்டாம் நாள் அந்த மேஸ்திரி வேறு எஸ்டேட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். எங்களால் யாரையும் ஜெயிலில் போட முடியாது. பேரைப் படிக்க முடியும். ஒருமுறை படித்த பேரை அழிக்க வழியில்லை. அழிக்கும் வழியை நாங்கள் யோசிக்கவே இல்லை. தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது ஆறாவது. ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்தது.

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் டீச்சர் ஒருவர் வந்தார். ஹெப்சிபா என்று பேர், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். ஒல்லியாக இருப்பார். ஷூ கயிற்றில் ஒரு லென்ஸைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எல்லோரையும் அண்ணாச்சி, அக்கா என்பார். எங்கள் மலையில் பத்து மாதம் தங்கிய அறிவியல் டீச்சர் கிடையாது. இவர் மூன்று மழைக்காலம் இருந்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்கக் கட்டிய நீளமான கல்சுவர். வருடம் முழுக்கத் தண்ணீர் கசியும். பாசி கம்பளி விரித்த மாதிரி இருக்கும். என் பேத்தி அப்போது ஏழாம் வகுப்பு. பன்னிரண்டு வயது. உரிமைச்செல்வி. நான் வைத்த பேர். வீட்டில் செல்வி. ஒரு நாள் அந்தச் சுவர் வழியாக வருகிறேன். மழை தூறுகிறது. என் பேத்தி கையில் கத்தி வைத்துக்கொண்டு பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். வரிசையாக எட்டுப் பிள்ளைகள். விரலெல்லாம் பச்சை.

"யாரு சொன்னது?"

"டீச்சர் சொன்னாங்க தாத்தா. போன மழையில பிரிச்ச துண்டுங்க நடுவுல திரும்பப் பாசி வளந்திருச்சு. நடுவுல வெறும் கல்லு தெரியணும். நீங்க மிதிச்சிறாதீங்க."

அம்மா, நீங்கள் படித்தவர்கள். உங்களுக்கு அதைப் பார்த்ததும் பாடம் என்று தோன்றும். எனக்கு என்ன தோன்றும்? சொல்லுங்கள். என் வலது கை தானாகவே இடது கையைப் பிடித்துக்கொண்டது. நகம் இல்லாத விரலை.

அன்றைக்கே எழுதினேன். தலைப்பு, "பள்ளிக்கூடமா? பாசிக் களமா?" பொள்ளாச்சியில் முந்நூறு பிரதி அடித்துக் கொண்டுவந்தேன். நல்ல எழுத்து அது. இன்றைக்கும் சொல்வேன். சட்டப்படி பிள்ளைகளை வேலைக்கு எடுக்க முடியாததால் எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் வழியாகப் பழக்குகிறது, அதற்கு ஒரு டீச்சரைக் கொண்டுவந்திருக்கிறது, நாளைக்குக் கவாத்துக் காட்டில் இந்தப் பிள்ளைகள்தான் நிற்கும் என்று எழுதினேன். ஜனம் நம்பியது. ஏன் நம்பாது? லைனில் பாசி சுரண்டாத கை ஒன்றுகூடக் கிடையாது.

இல்லை, கண்டக்டர் தம்பி, கதை இன்னும் முடியவில்லை. எத்தனையாவது வளைவில் முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ விசில் ஊது.

மஸ்டரில் கூட்டம். இருநூறு பேருக்குக் குறையாது. டீச்சரையும் வரச் சொல்லியிருந்தோம், வந்தார். குற்றம் படிப்பதற்கு முன்னால் சாட்சி வேண்டும். நான் செல்வியைத் தூக்கிக் கொழுந்து எடை போடும் மேடையில் நிறுத்தினேன். கேட்டேன்.

"பாப்பா, இவங்க உன்னைப் பாசி சுரண்டச் சொன்னாங்களா, இல்லையா?"

"தாத்தா, அது வந்து..."

"அது வந்து இது வந்து வேணாம். ஆமாவா, இல்லையா?"

டீச்சரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். "ஆமா"ன்னாள்.

பொய் சொல்லவில்லை, பாருங்கள். கேட்டதற்குச் சரியான பதில். எனக்குப் பெருமையாக இருந்தது. இருநூறு பேர் முன்னால் நடுங்காமல் சாட்சி சொல்கிறாளே, என் இரத்தம் என்று நினைத்தேன். இறங்கும்போது அவள் கால் நடுங்கியது என்று என் மகள் சொன்னாள். மழை, குளிராக இருக்கும்.

டீச்சர் கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றி நீட்டினார். "அண்ணாச்சி, ஒரு நிமிசம் வந்து இதுல பாத்திருங்க. அதுக்கப்புறம் என் பேரைப் படிங்க. நான் எங்கயும் ஓடமாட்டேன்."

நான் சொன்னேன், "அம்பது வருசமா பாசியைப் பாக்கறேன் டீச்சர். எனக்குக் கண்ணாடி வேணாம்."

கூட்டம் சிரித்தது. கை தட்டியது. பேரைப் படித்தேன். இரண்டு சாட்சி எழுந்து நின்றார்கள். பிறகு யாரோ ஒரு பெண் கத்தினாள், அந்தச் சுவரையே சுத்தம் பண்ணுவோம், பாசி இருந்தால்தானே சுரண்டச் சொல்வார்கள் என்று. நியாயம்தானே என்று தோன்றியது. எல்லோர் இடுப்பிலும் சிராய் இருந்தது, நார் இருந்தது. கவாத்துக் காலம் அல்லவா? அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சுவர் வெறும் கல்லாக நின்றது. எங்கள் பெண்கள் அந்த வேலையில் கெட்டிக்காரிகள். ஒரு நார் பச்சைகூட விடவில்லை.

பாசி சுரண்டுவதை எதிர்த்துப் போராடிவிட்டு அரை மணி நேரம் பாசி சுரண்டியிருக்கிறோம். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஐந்து வருடம் கழித்துத் தோன்றியது.

டீச்சர் ஓரமாக நின்று ஒரு நோட்டில் எதையோ எழுதினார். எழுதி, அந்த நோட்டைச் செல்வி கையில் கொடுத்தார். பத்து நாளில் மாற்றல் வந்தது. போய்விட்டார். "போராட்டம் வென்றது" என்று இன்னொரு நோட்டீஸ் அடித்தேன். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு அறிவியல் டீச்சர் வரவில்லை. அதையும் கண்டித்து இரண்டு மனு போட்டேன்.

செல்வி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வயது என்று நினைத்தேன். பத்தாவதோடு நின்றுவிட்டாள். பல்லடம் பக்கம் நூல்மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டாள். மில்முதலாளிகள் நம் பிள்ளைகளை எப்படிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பிரசுரம் எழுதினேன். அதை அவளுக்கும் அனுப்பினேன். பதில் இல்லை. மில்லில் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அவள் போன பிறகுதான் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். தகரப் பெட்டியில், துணிக்கு அடியில் இருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சுவரை மூன்று பங்காகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பங்கில் பாசி முழுசாக இருக்கிறது. இரண்டாவதில் உள்ளங்கை அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் வெறும் கல். மூன்றாவதிலும் அதே துண்டுகள், ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பாசியில் பாலம் விட்டிருக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய்க் காசு அளவு எடுப்பது. பாட்டிலை வெட்டிப் புனல் மாதிரி வைத்து, அதில் துணி கட்டி, மேலே பல்பு எரியவிடுவது. சூட்டுக்குப் பயந்து உள்ளே இருக்கும் பூச்சிகள் கீழே இறங்கிக் குப்பியில் விழும். லென்ஸ் வைத்து எண்ணுவது. ஊசிமுனை அளவுதான் இருக்குமாம். பிள்ளைகளே பேர் வைத்திருந்தார்கள். தாவுகிற ஒன்றுக்குக் குதிச்சான். வேலை எதுவும் செய்யாமல் எல்லார் நடுவிலும் சுற்றிச் சுற்றி வருகிற ஒன்றுக்கு மேஸ்திரி. சிரித்துவிட்டேன் அம்மா, தனியாக உட்கார்ந்து. லைன் பிள்ளைகள் வேறு என்ன பேர் வைப்பார்கள்?

எண்ணிக்கை என் பேத்தி கையெழுத்தில் இருந்தது. முழுப் பாசியில் நாற்பது, நாற்பத்து மூன்று, நாற்பத்து ஒன்று. பாலம் விட்டதில் நாற்பது, முப்பத்து எட்டு, முப்பத்து ஆறு. தனித் துண்டுகளில் நாற்பது, பதினொன்று, மூன்று. ஓரத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: "தண்ணீர் அதே தண்ணீர். வெயில் அதே வெயில். பிரிந்து கிடப்பதால் சாகின்றன. ஒரு விரல் அகலத் தொடர்பு இருந்தால் பிழைக்கின்றன. காட்டுக்கும் இதுதான் கணக்கா? நான்காவது மழைவரை பார்க்க வேண்டும்."

நான் ஐம்பது வருடமாக என்ன கத்தினேன்? இதைத்தானே? பிரிந்து கிடந்தால் சாவோம் என்றுதானே ஒவ்வொரு லைன் வாசலிலும் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்? அந்த அம்மா ஒரு சத்தமும் போடாமல் சுவரில் அதை நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் என் கட்சி. என் கட்சியில் கடைசியாக மிஞ்சியிருந்த ஆள்.

கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு ஒரே வரி. "இன்று எல்லாத் துண்டுகளும் நீக்கப்பட்டன. மழை தூறல்." யார் நீக்கினார்கள் என்று எழுதவில்லை. அவருக்குப் பேர் எழுதும் வழக்கம் இல்லை.

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். அவர் மாற்றலாகிப் போன பள்ளிக்கு எழுதினேன். ஆறு கடிதம். போன மாதம் அவர் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சென்ற தை மாதம் காலமாகிவிட்டார். இரத்தப் புற்று.

இதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்குத்தான் மில்லுக்குப் போனேன். அங்கிருந்துதான் வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பார்க்க விடுவார்கள். இதற்கு முன் நான் போன மூன்று தடவையும் தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். நேற்று, டீச்சர் விஷயம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். தலையில் பஞ்சு. சொன்னேன். அழவில்லை. "கொஞ்சம் இருங்க தாத்தா" என்று உள்ளே போனாள். ஏழு வருடத்தில் அவளாகப் பேசிய முதல் வாக்கியம். ஒரு மணி நேரம் கழித்து இந்தத் தாளைக் கொண்டுவந்தாள்.

"மஸ்டர்ல படிங்க. நீங்கதான படிப்பீங்க. மாத்தாம படிங்க தாத்தா. படிச்சிட்டீங்கன்னு அம்மா சொன்னா ஊருக்கு வர்றேன்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

யார் பேர் இருக்கும் என்று எனக்குத் தெரியும் அம்மா. நான் முட்டாள் இல்லை. என் பேர்தான். வேறு யார் பேர் இருக்கும்? படிக்க எனக்குப் பயம் இல்லை. நாளைக் காலையிலேயே படிப்பேன். மஸ்டரில் இப்போது பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள், குற்றம் புரியாது, பேர் மட்டும்தான் புரியும். இருந்தாலும் படிப்பேன். ஆனால் குற்றத்தை அவள் எப்படி எழுதியிருக்கிறாள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்தான் என்று ஒரு வார்த்தையாவது எழுதியிருப்பாளா? எழுதாமல் போனால் சேர்க்க முடியாது, விதி அப்படி. என்னைத் தவிர எல்லாருக்கும் பொருந்தும் விதியா அது? நேற்று மில்லிலிருந்து பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கும்போதே கூட்டத்தில் என் கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. நீங்கள் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள். சத்தமாகவே படியுங்கள், எனக்கென்ன வெட்கம்? மேலே குற்றம் இருக்கும், கீழே பேர்.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"கேட்டபோது ஆமாம் என்று மட்டும் சொன்னது."

அது குற்றமா? யார் சொன்னது ஆமாம் என்று? நான் கேட்டவன் அல்லவா? மேலே படியுங்கள்.

"பாடம் என்று எனக்குத் தெரியும். பாலம் விட்டதில் பூச்சிகள் பிழைத்தன என்றும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்."

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? கீழே பேர் இருக்குமே. படியுங்கள் அம்மா. பரவாயில்லை.

உரிமைச்செல்வி.

அவளா? அவள் பேரையா எழுதியிருக்கிறாள்? தகப்பன் பேர், லைன் நம்பர், எல்லாம் முறைப்படி போட்டிருக்கிறாளா? போட்டிருப்பாள். நான்தானே கற்றுக்கொடுத்தேன். சோறு ஊட்டும்போது இந்தக் கதையைச் சொல்லித்தான் ஊட்டுவேன். மேஸ்திரி பேரைப் படித்த கதை.

பன்னிரண்டு வயது அம்மா அவளுக்கு. மேடையில் ஏற்ற நான் தூக்க வேண்டியிருந்தது.

ஏழு வருடமாக இதையா சுமந்துகொண்டிருந்தாள்? நான் என்னமோ அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்துக்குப் பதில்கூட எழுதி வைத்திருந்தேன். நாலு பக்கம்.

அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். மடித்தே கொடுங்கள். இது என் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஐம்பது வருடத்தில் எழுதியதை மாற்றிப் படித்தது கிடையாது. நாளைக்கு மஸ்டரில் மாற்றிப் படிக்கப் போகிறேன். கண்ணாடி இல்லாதவன் மனப்பாடமாகத்தானே படிப்பான், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் காலையில் எனக்குத் துணிச்சல் இருக்குமோ இருக்காதோ. என்னை எனக்குத் தெரியும். எழுந்ததும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். அதனால் இங்கேயே ஒரு தடவை. நீங்கள் ஒரு சாட்சி. கண்டக்டர் தம்பி, இங்கே வா. விளையாட்டு இல்லை. நீ ஒரு சாட்சி. இரண்டு பேரும் எழுந்து நில்லுங்கள். வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குற்றம்: லென்ஸைக் கையில் கொடுத்தபோது பார்க்காதது. ஒரு பிள்ளையை இருநூறு பேர் முன்னால் நிறுத்தி, ஆமாமா இல்லையா என்று மட்டும் கேட்டது.

பெயர்: சின்னான் மகன் மாசிலாமணி. தூமலை எஸ்டேட், மேல் டிவிஷன், ஏழாம் லைன்.